ஐம்பது சென்ட் குளமும் பயிற்சிக் கையேடும்

வேலூர் மாவட்டம் லத்தேரியிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் நிலம் வரும். அங்கே வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த இடத்தின் ஓரத்தில் ஐம்பது சென்ட் அளவுக்கு மீன் வளர்க்கக் குளம் வெட்டி இது ஆறாவது ஆண்டு. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது. வேலையை அண்ணனும் அண்ணியும் பார்க்கிறார்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பிய நான், குளத்துக்கும் கணக்கு எழுதுபவனாக ஒட்டிக்கொண்டேன். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அண்ணனோடு போய் வந்த அன்று இரவு, அங்கே கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன். குளத்தைக் காய விட வேண்டும், சுண்ணாம்பு இட வேண்டும், களை மீன்களை (நாம் விடாமல் தானாக வந்து பெருகும் மீன்களை) ஒழிக்க வேண்டும், குஞ்சுகளை எண்ணி விட வேண்டும், எடை பார்த்துத் தீவனம் போட வேண்டும், தண்ணீரைத் தினமும் பார்க்க வேண்டும், மாதம் ஒருமுறை வலை போட்டு வளர்ச்சியை அளக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எங்கள் சுற்றுவட்டாரக் குளங்களில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை, ஏன் என்று பார்க்கத் தொடங்கியதன் விளைவே இந்தப் பதிவு.

சிறு விவசாயி சொன்னதைக் கேட்பதில்லை என்பது பயிற்சி தருபவர்களின் நெடுநாள் குறை. நான் பார்த்த அளவில் அது பாதி உண்மைதான். செய்யாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சில இடங்களில் சரி, சில இடங்களில் வெறும் பிடிவாதம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம்.

முதலில், இந்தப் பட்டியல் எந்தத் தண்ணீரை மனத்தில் வைத்து உருவானது என்று பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதுவரை பெரும்பாலும் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை வைத்துச் சேகரித்த குஞ்சு, அதன் பிறகு பண்ணையில் கிடைக்கத் தொடங்கியது. 1971இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் வழியாகக் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றோடு வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றையும் ஒரே குளத்தில் வளர்க்கும் கூட்டு மீன்வளர்ப்பு பரவியது. அந்த முறை பத்து முதல் பன்னிரண்டு மாதம் தண்ணீர் நிற்கும் குளத்துக்கானது. எங்கள் குளத்திலோ ஆவணி, புரட்டாசி மழையோடு போர்வெல் தண்ணீரும் சேர்ந்து நிரம்பினால் சித்திரைக்குள் மீனைப் பிடித்துவிட வேண்டும். எட்டு மாதத் தண்ணீருக்குப் பன்னிரண்டு மாதப் பாடத்தைப் படித்தால் எங்கேயோ இடிக்கத்தான் செய்யும்.

குளத்தைக் காய விடுவதையே எடுத்துக்கொள்வோம். அடிமண் வெடிப்பு விடும் வரை காய்ந்தால் தேங்கிய நச்சு வாயுக்கள் வெளியேறும், ஒட்டுண்ணிகளின் முட்டைகள் சாகும், களை மீன் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகும் ஊரில், மோட்டார் ஓட்டி இறைத்த தண்ணீரை வெளியே விடு என்று சொன்னால், சொல்பவரை ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்வார்கள். அண்ணன் முதல் மூன்று ஆண்டுகள் குளத்தை வற்ற விடவே இல்லை. இதனால் 1952இல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்தக் குட்டையிலும் தானாக முளைக்கிற ஜிலேபி மீன், எங்கள் குளத்திலும் குட்டி போட்டுக் குட்டி போட்டு, கெண்டைக்குப் போட்ட தீவனத்தில் பெரும் பங்கைத் தின்றது. அதை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடலாம் என்று கையேடு சொல்கிறது. ஹெக்டேருக்கு 2,500 கிலோ. எங்கள் ஐம்பது சென்டுக்குக் கணக்குப் போட்டால் 500 கிலோ ஆகிறது. இலுப்பை மரம் கோயிலுக்குக் கோயில் நின்ற வட ஆற்காட்டில்கூட இன்று அவ்வளவு இலுப்பைப் புண்ணாக்கைத் தேடி வாங்குவது எளிதன்று. போட்ட பிறகு நஞ்சு இறங்க மூன்று வாரம் வரை காத்திருக்கவும் வேண்டும்.

வழி கடைசியில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பங்குனியிலேயே பாதித் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சத் தொடங்கி, சித்திரையில் மீன் பிடித்து முடித்த கையோடு மீதியையும் பாய்ச்சிவிட்டோம். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் பாய்ந்த வாழைக்கு அந்த ஆண்டு யூரியாவே வாங்கவில்லை. அக்னி நட்சத்திர வெயில் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. வேலூர் வெயிலைப் பற்றி ஊரே புலம்பும் அந்த நாட்களில், பத்தே நாளில் குளத்தடி பாளம் பாளமாக வெடித்தது. அதன்மேல் தூவ ஐம்பது கிலோ சுண்ணாம்பு போதுமானதாக இருந்தது. தண்ணீரை வெளியேற்று என்று சொல்லாமல், தண்ணீரை வாழைக்குக் கொடு என்று யாராவது முதல் ஆண்டே சொல்லியிருந்தால் அண்ணன் மூன்று ஆண்டுகளை வீணாக்கியிருக்க மாட்டார். அன்று எங்களைக் கேலி செய்தவர்களில் நான்கு பேர் இப்போது அப்படியே செய்கிறார்கள். சொன்னதற்காக அல்ல, எங்கள் வாழைத் தாரைப் பார்த்ததற்காக.

குஞ்சு எண்ணிக்கை விஷயத்தில் அண்ணனுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஹெக்டேருக்குப் பத்தாயிரம் வரை விரலளவுக் குஞ்சு விடலாம் என்பது பரிந்துரை. எங்கள் குளத்துக்கு 2,000. அண்ணன் 5,000 விட்டார். சாவது போக மிஞ்சட்டும் என்பது அவருடைய நியாயம். இரண்டாயிரத்தை விட ஐந்தாயிரம் பெரிது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்துப் பிடித்தபோது மீன் ஒன்று சராசரியாக முந்நூறு கிராம்தான் இருந்தது. மொத்தம் 780 கிலோ. அரைக் கிலோவுக்குக் குறைந்த கட்லாவை வியாபாரி வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு என் நச்சரிப்பு தாங்காமல் 2,000 மட்டும் விட்டதில் சராசரி எடை அறுநூற்றைம்பது கிராம், மொத்தம் 970 கிலோ, விலையும் கூடுதல். குஞ்சுச் செலவு பாதிக்கும் கீழே குறைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாம் ஆண்டு, இன்னொரு ஐந்நூறு சேர்த்து விட்டால் என்ன என்றுதான் அவர் கேட்டார்.

அந்த மூன்றாம் ஆண்டில்தான் அடியும் விழுந்தது. கார்த்திகை மாதம், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று மூன்று நாட்கள் வெயிலே இல்லை. குளம் நல்ல பாசிப் பச்சையாக இருந்தது. “தண்ணி பச்சையா கீது, தீனி தானா விளையுதுன்னு அர்த்தம்” என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, வழக்கமான தீவனத்தோடு இரண்டு வண்டிச் சாணமும் கரைத்து விட்டார். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி பகலில் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அழுகும் சாணமும் தின்னாத தீவனமும் அதே ஆக்சிஜனைப் பங்கு கேட்கும். வெயில் இல்லாத நாட்களில் வரவு குறைந்து செலவு மட்டும் அப்படியே இருக்கும் என்பதால் விடியலுக்கு முன்னால் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். கணக்கு எழுதிய எனக்கு இதை இப்படிச் சொன்னால்தான் விளங்குகிறது. விடியற்காலை நாலரை மணிக்கு அண்ணி எழுப்பியபோது, குளம் முழுவதும் மீன்கள் வாயை மேலே தூக்கிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. போர்வெல்லை ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஓடினோம். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் இருப்பதில்லை, அதைப் பலகையில் மோதிச் சிதறும்படி விட வேண்டும் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. குழாயைத் தண்ணீருக்குள் விட்டு வைத்திருந்தோம். ஆறு மணிக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட மீன்கள் மிதந்தன. இருப்பதிலேயே பெரியவை முதலில் போயின.

பயிற்சியில் சொன்ன முழங்கைச் சோதனையை அண்ணன் அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கையை நேராக நீட்டித் தண்ணீருக்குள் மெல்ல இறக்க வேண்டும். முழங்கை நனைவதற்குள்ளேயே உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது, சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்த வேண்டும். முழங்கைக்கு மேல் போயும் உள்ளங்கை தெரிந்தால் தண்ணீர் வெறுமையாக இருக்கிறது, உரமிட வேண்டும். காசு இல்லை, கருவி இல்லை, இரண்டு நிமிட வேலை. இருந்தும் அந்தப் பழக்கம் இருநூறு மீன் செத்த பிறகுதான் வந்தது.

அடுத்தது தீவனம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பயிற்சிகள் எங்கே தவறுகின்றன என்பது எனக்குப் புரிந்த இடமும் இதுதான். மீனின் மொத்த எடையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, குஞ்சாக இருக்கையில் ஐந்து சதவீதத்தில் தொடங்கி, வளர வளர இரண்டு சதவீதத்துக்கும் கீழே குறைக்க வேண்டும் என்பது விதி. நான்காவது மாதம் மாதிரி வலை போட்டுப் பார்த்தபோது மீன் ஒன்று சராசரியாக 250 கிராம் இருந்தது. 1,600 மீன் பிழைத்திருப்பதாக வைத்துக்கொண்டால் குளத்தில் 400 கிலோ மீன். மூன்று சதவீதம் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு கிலோ. நடந்துகொண்டிருந்ததோ இருபது கிலோ. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சமமாகக் கலந்ததில் நாளுக்கு எட்டுக் கிலோ அடியில் போய் அழுகிக்கொண்டிருந்தது. மாதம் 240 கிலோ. இந்தக் கணக்கை அண்ணனுக்கு விளக்கினேன், அவரும் தலையாட்டினார். பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் இருபது கிலோவே போய்க்கொண்டிருந்தது. காரணம் மிக எளியது. தீவனம் போடுவது அண்ணன் அல்லர், அண்ணி.

பயிற்சிக்குப் போனவர் அண்ணன். வருகைப் பதிவில் கையெழுத்திட்டவரும் கையேட்டை வாங்கியவரும் அவர்தான். காலை ஏழு மணிக்கு அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவதும், நாலரை மணிக்கு மீன் வாய் பிளப்பதை முதலில் பார்ப்பதும், மீன்பேன் ஒட்டிய மீன் கரையில் உடம்பைத் தேய்ப்பதைக் கவனிப்பதும் அண்ணி. எங்கள் பக்கத்துக் குளங்கள் பெரும்பாலானவற்றில் இதே நிலைதான். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. குளத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்பவர் பெண்ணாக இருந்தும் பட்டா ஆண் பெயரில் இருப்பதால் அந்த இருபது சதவீத வேறுபாடு எங்களைப் போன்ற வீடுகளுக்கு வெறும் செய்தியாகவே இருக்கிறது. அண்ணியை உட்கார வைத்து நோட்டைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னா தம்பி, நோட்டுல எழுதினா மீனு எடை கூடிடுமா?” என்பது. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது: “பன்னெண்டு கிலோன்னா எத்தினி கூடை?” அவரிடம் தராசு இல்லை, கூடைதான் இருக்கிறது. தலை தட்டிய ஒரு கூடைக்கு நான்கு கிலோ என்று நிறுத்துப் பார்த்துச் சொன்னேன். மறுநாளிலிருந்து மூன்று கூடை; அதற்கு மேல் ஒரு பிடி கூடப் போகவில்லை. பிறகு அவராகவே, ஆந்திரப் பக்கம் செய்வதாக யாரோ சொல்லக் கேட்டு, துளையிட்ட சாக்குகளில் தீவனத்தை நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டார். சாக்கு எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்பதைப் பார்த்து மறுநாள் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார். என் சதவீதக் கணக்கை விட அது நுட்பமானது.

குஞ்சு வாங்குவதில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு பண்ணையில் கட்லா என்று சொல்லித் தந்த பையில் பாதிக்கு மேல் வேறு மீன் இருந்தது. மூன்றாம் மாதம் வலை போட்டபோதுதான் தெரிந்தது. எண்ணிக்கையும் கிண்ணக் கணக்கு. பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குளத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சமமான பிறகு திறக்க வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோருமே தவறாமல் செய்கிறார்கள். செலவில்லாதது, பலன் உடனே கண்ணுக்குத் தெரிவது. பையில் இருப்பது என்ன மீன் என்பதைத்தான் தனியாளாக யாராலும் சரிபார்க்க முடிவதில்லை. இங்கே எனக்கு ஆந்திரத்து இறால் விவசாயிகளின் நினைவு வருகிறது. இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோயில் நொடித்துப் போயிருந்த அவர்களிடையே, மேற்கு கோதாவரி மாவட்டத்து மொகல்தூருவில் 2002இல் ஐந்தே விவசாயிகளோடு ஒரு முயற்சி தொடங்கியது. சேர்ந்து குஞ்சு வாங்குவது, வாங்கும் முன் பரிசோதிப்பது, ஒரே நேரத்தில் விடுவது, நோய் வந்த குளத்துத் தண்ணீரைப் பொதுக் கால்வாயில் திறக்காமல் இருப்பது. சில ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்து, சிறு விவசாயிகளின் இறால் சங்கங்களுக்கென்றே 2007இல் ஒரு தனி அமைப்பு உருவாகவும் வழி செய்தது. எங்கள் ஊரில் நாங்கள் ஐந்து குளத்துக்காரர்கள் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரே வண்டியில் குஞ்சு எடுத்தோம். ஒருவராகப் போனால் கிண்ணத்தைக் காட்டியவர், ஐந்து பேராகப் போனபோது எண்ணிக் கொடுத்தார்.

குஞ்சின் வயதும் எங்களுக்கு முக்கியமாகிறது. ஆனி, ஆடியில் பண்ணைகளில் கிடைக்கும் குஞ்சை ஐந்து சென்ட் குட்டையில் நெருக்கமாக, குறைந்த தீவனத்தில் அடுத்த ஆண்டு வரை வைத்திருந்து, நூறு கிராம் அளவில் பெரிய குளத்துக்கு மாற்றினால், இடமும் தீனியும் கிடைத்ததும் அது பசித்துக் கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்ததைப் போல வளர்கிறது. எட்டு மாதத் தண்ணீரில் ஒரு கிலோவைத் தொட எங்களுக்குத் தெரிந்த வழி இதுதான். சென்ற சித்திரையில் சராசரி தொள்ளாயிரம் கிராம் வந்தது.

ஏரிகளை ஏலம் எடுப்பவர்களின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலங்கள் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில் ஓராண்டுக்கு விடப்படுகின்றன. ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். ஆயக்கட்டுக்குத் தண்ணீர் போய் வற்றுவது மாசி, பங்குனியில். ஊர் மாடு குடிக்கும் ஏரியில் இலுப்பைப் புண்ணாக்கு போட முடியாது; அடுத்த ஆண்டு யார் கையில் போகும் என்று தெரியாத ஏரிக்கு யாரும் சுண்ணாம்பு வாங்க மாட்டார்கள். பாலாற்றில் பெருவெள்ளம் வந்த 2021 நவம்பரில் ஏரிகள் நிரம்பிக் கோடி (உபரி நீர் வழியும் இடம்) போனபோது, கோடியில் வலைத்தடுப்பு வைக்காத குத்தகைதாரர்களின் மீனெல்லாம் கீழ் ஏரிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. வலைத்தடுப்பு வைக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஓராண்டுக் குத்தகைக்காரர்கள் என்பதால் அதற்குச் செலவு செய்யத் தயங்கினார்கள். இவர்களுக்குப் பயிற்சி நடத்துவதை விடக் குத்தகைக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டினால் பாதிப் பரிந்துரைகளைத் தாமாகவே செய்வார்கள் என்று நினைக்கிறேன். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கோழிக் கழிவு போட்டு வளர்ப்பவர்களுக்கு மட்டும் என்னிடம் எந்த நியாயமும் இல்லை.

மீதி இருப்பது, எழுதி வைப்பது. என்னுடைய நோட்டை நான் தவிர யாரும் திறப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் மோட்டார் கொட்டகைச் சுவரில் அண்ணி கரித்துண்டால் கோடு போட்டு வந்திருக்கிறார்: கூடைக்கு ஒரு கோடு, மேகமூட்ட நாளுக்கு ஒரு வட்டம், மீன் வாய் தூக்கிய நாளுக்குப் பெருக்கல் குறி, மாதிரி வலை போட்ட நாளுக்குப் பக்கத்தில் எடை. என் நோட்டில் விட்டுப்போன பதினேழு நாட்கள் அந்தச் சுவரில் இருந்தன. இந்த ஆண்டு சுவரில் இடம் தீர்ந்துவிட்டது என்று, பின்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். குளத்துக்கு வாங்கிய சுண்ணாம்பில் இரண்டு படி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.